எட்டு ஐந்துக்கு ஒரு புகார்

"இன்னிக்கும் வந்திருக்கும்மா," என்று கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார் மேலாளர்.

திரையில் ஒரே ஒரு வாக்கியம். 'அறிக்கையில் வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன, உடனே சரிசெய்யவும்.' அனுப்பியவர் மூன்றாம் மாடியில் இருக்கும் சரக்குப் பொறுப்பாளர். நேரம் காலை எட்டு ஐந்து.

அது ஒரு குளிர்பதனக் கிடங்கு. நாற்பத்திரண்டு அறைகளின் வெப்பநிலையையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எடுத்து, அறைக்கு ஒரு வரியாகக் கோத்து, தினமும் சரியாக எட்டு மணிக்கு அவருக்கு மெயில் அனுப்பிவிடும். இங்கிருந்து வரிவரியாகத்தான் போகிறது. அங்கே இருக்கும் பழைய மெயில் மென்பொருள்தான், இத்தனை வரி எதற்கு என்று தானே முடிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே பத்தியாக ஒட்டிவிடுகிறது. எந்த எண் எந்த அறைக்கு என்று பிரித்துப் படிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கணினிப் பிரிவில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவள் அவள். நாளை வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதமும் முடிகிறது. இந்தப் புகார் நின்றால் வேலை நிரந்தரம், நிற்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். வீட்டிலோ, வேலை பார்த்த பட்டறை மூடியதில் கணவன் நான்கு மாதமாகச் சும்மா இருக்கிறான். இவள் வேலையும் போனால் என்ன செய்வது என்ற பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

திங்கட்கிழமை, அந்த மென்பொருளுக்குப் புரிகிற வரிமுறிவுக் குறியை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சேர்த்தாள். புகார் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு இடைவெளி விட்டுப் பார்த்தாள். வந்தது. புதன்கிழமை கட்டம் போட்ட அட்டவணையாகவே மாற்றினாள். அதற்கும் வந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும் தனிக் கோப்பாக இணைத்து, மெயிலை வெறுமையாக அனுப்பியிருந்தாள். அதிலும் வரிகள் ஒட்டிக்கொள்கின்றனவாம்.

"சார், இன்னிக்கு மெயில்ல வரியே கிடையாது. நான் நேர்ல போய் அவர் திரையை ஒரு தடவை பார்த்துட்டு வரட்டுமா?"

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதம்மா. எதுவா இருந்தாலும் என் மூலமாத்தான் போகணும்."

அவர் குணம் தனக்கு அத்துப்படி என்றார் மேலாளர். ஆள் போய் நின்றாலே எரிந்து விழுவாராம். இத்தனை வருடமாகத் தானே வாங்கிக் கட்டிக்கொள்வதாகவும், இவள் போய்க் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான்கு நாள் மெயில்களையும் கணவன் தன் போனில் திறந்து பார்த்தான். நான்கும் லட்சணமாக இருந்தன. கோளாறு மெயிலில் இல்லை, அந்த மனுஷன் கண்ணில்தான், கண்ணாடியை மாற்றச் சொல் என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் கேலியை விட்டுவிட்டான்.

"எப்படியும் போறதுன்னு ஆயிடுச்சு. மேல போய்த் திட்டு வாங்கிட்டாவது போயேன்."

வெள்ளிக்கிழமை, இனி எதை மாற்றுவது என்று தெரியாமல் திங்கட்கிழமை அனுப்பியது போலவே அனுப்பினாள். எட்டு ஐந்துக்குப் புகார் வந்தது. மேலாளர் டீ குடிக்கப் போனதும் விறுவிறுவென்று படியேறினாள். பொறுப்பாளரின் அறை பூட்டிக் கிடந்தது. அவர் என்றைக்குமே ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றார் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்.

ஒன்பதுக்கு வந்தவர் எரிந்து விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும், விழித்தார்.

"வரியெல்லாம் திங்கட்கிழமையே சரியாயிடுச்சேம்மா. அப்புறம் ஏன் தினம் ஒரு தினுசா அனுப்புறீங்கன்னுதான் எனக்குப் புரியல."

அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டாள். அதற்கென்ன என்று, 'திங்கள் முதல் அறிக்கை தெளிவாக வருகிறது, மிக்க நன்றி' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலை பிழைத்தது. தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவள், மனசு கேட்காமல் திரும்பினாள்.

"அப்போ சார், இன்னிக்குக் காலைல எட்டு அஞ்சுக்கு வந்த புகார்?"

"அதுவா? அதை நிறுத்தச் சொல்லவே மறந்துட்டேன் பாருங்க," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் அவர்.

நாளைக்கே ஓர் அறையில் சரக்குக் கெட்டுப்போனால், அறிக்கை படிக்கும்படி இல்லை என்று தான் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்பதற்காக ஆரம்பத்தில் தினமும் அதைத் தன் கையாலேயே தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாராம். அலுத்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன் கணினிப் பிரிவுக்கே இறங்கிவந்து, எப்படியாவது வரிகளைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"உங்க மேனேஜர்தான், வரியைச் சரிபண்றது பெரிய வேலை, அதுக்குப் பதிலா புகார் தினமும் தானாப் போற மாதிரி பண்ணித் தர்றேன்னு சொல்லி, அரை மணி நேரத்துல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார்."