ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்வியில் அவள் விரல் நின்றது.

இதயக் கோளாறு உண்டா? ஆம். இல்லை.

முதல் ஆறும் சுலபம். பெயர், பாஸ்போர்ட் எண், வயது, சைவமா, கூடாரத்தில் எத்தனை பேர், படுக்கைப் பை வாடகைக்கு வேண்டுமா. தன்னுடைய படிவத்தை முடித்துவிட்டாள். இது கணவருடையது.

அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே பெரு நாட்டு மாச்சு பிச்சுவுக்குப் போய்விட்டிருந்தார். மடியில் வரைபடம். வழிகாட்டியோடு நாலு நாள் நடை. நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் அந்தப் பழைய கல் நகரம்.

"நெஞ்சைப் பத்திக் கேட்டான்னா இல்லைன்னு போட்டுரு," என்றார், தலை நிமிராமல்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்த நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டிங் பார்த்தவர். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் அடுக்கிய அந்தக் கற்களுக்கு நடுவே பிளேடுகூட நுழையாது என்று எங்கோ படித்ததிலிருந்து மனிதர் ஒரு நிலையில் இல்லை. நுழைத்தே பார்த்துவிட வேண்டும். அங்கேயே உயிர் போனாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

பயிற்சிக்காக ஞாயிறுதோறும் மருதமலைப் படி ஏறினார்கள். போன வாரம் அவர் மூன்று முறை குனிந்து ஷூ லேஸ் கட்டினார். லேஸ் அவிழவே இல்லை. பின்னால் ஏறியவள் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

கேட்கவில்லை.

'ஆம்' என்பதைத் தொட்டாள்.

இருபத்தெட்டு வருடமாக வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவள்தான் நிரப்புவாள். கேஸ், வங்கி, பாஸ்போர்ட், மகனின் காலேஜ். அவர் கையெழுத்து மட்டும். ஒரு வரி படித்ததில்லை. "நீ பாத்தாச்சுல்ல, அப்புறம் என்ன" என்பார். தன் வீட்டுக்காரி கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் பெருமை வேறு.

ஃபோனை நீட்டினாள்.

கட்டத்துக்குள் விரலாலேயே கையெழுத்துப் போட்டார். சந்தோஷத்தில், அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அவர் உயிருக்குப் பயந்து செய்தேன் என்று அன்று முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாதிதான் நிஜம். பாஷை தெரியாத மலையில், மூச்சு முட்டும் உயரத்தில், அவர் பக்கத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க வேண்டிவருமே என்று தன்னை நினைத்தும்தான் செய்தாள். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வாரம் பேசமாட்டார், அவ்வளவுதான். அதற்குத் துணிச்சல் இல்லாமல், அவர் கையாலேயே அவர் கண்ணைக் குத்தவைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.

மன்னிக்கவும். இதய சிகிச்சை பெற்றவரை அந்தப் பாதையில் எங்கள் வழிகாட்டிகள் அழைத்துச் செல்வதில்லை. உங்கள் மனைவி வரலாம்.

அவளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இவனுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் குக்கரை இறக்கப் போனாள். விசில் இன்னும் வந்திருக்கவில்லை.

சாயங்காலம் அவர் டாக்டருக்கு ஃபோன் போட்டார். மலையேறத் தகுதி இருப்பதாகச் சான்றிதழ் கேட்டு, போன மாதம் அந்த டாக்டரிடம்தான் போயிருந்தார். தரமுடியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். அதனால் காட்டிக்கொடுத்தது டாக்டரேதான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

"நம்பி வந்தவன் சீக்கை வெளியில சொல்றதுதான் வைத்தியமாங்க?"

கத்தினார். டாக்டர் என்னவோ சொல்ல வந்ததைக் கேட்காமல் வைத்துவிட்டார்.

பதினோரு வருடமாகப் பார்க்கிற டாக்டர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் விழுந்த அன்று, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தவர்.

அவள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். போய்ச் சொல்ல நாலு எட்டுதான். போகவில்லை.

அந்த ஞாயிறு படி ஏறப் போகவில்லை. அவர் பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை. டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வசவும் தன் மேல் விழவேண்டியது என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை வேறொரு கம்பெனியைத் தேடிப் பிடித்துவிட்டார். முகம் தெளிந்திருந்தது. ஃபோனை அவளிடமேதான் கொடுத்தார்.

இதிலும் அந்தக் கேள்வி இருந்தது. நான்காவதாக.

'இல்லை' என்பதன் பக்கத்தில் விரல் வெகுநேரம் நின்றது. ஒரு தொடுதல் போதும், அவர் பழையபடி சிரிப்பார்.

'ஆம்' என்பதைத்தான் தொட்டாள்.

கொண்டுபோய் நீட்டினாள். அவர் விரல் வழக்கம்போல் நேரே கையெழுத்துக் கட்டத்துக்குப் போனது.

"படிச்சுட்டுப் போடுங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து படித்தார். உதடு அசைய, ஒவ்வொன்றாக. வாசலில் யாரோ மணி அடித்தார்கள். இருவரும் போகவில்லை.

நான்காவது கேள்விக்கு வந்தார்.

அதைத் தாண்டவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கட்டம் காலியாகவே இருந்தது. ஃபோனை அவள் பக்கம் நீட்டினார்.

"டாக்டரு நம்பரைப் போட்டுக் குடு," என்றார். "பாவம், அந்த மனுசனை என்னென்னவோ பேசிட்டேன்."