சம்பந்திக்கு மரியாதை

மகள் துவாரகா மணக்கவிருக்கும் பெடியனின் தகப்பனை முதன்முதலாகச் சந்திக்க, ரொறன்ரோ ஜப்பானியர் சங்கத்தின் பிக்னிக்குக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார் குணசீலன்.

“அவை மரியாதை பாக்கிற ஆக்கள். என்னைப் பாத்து நீரும் வடிவாக் குனியும்,” என்றார் மனைவியிடம். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தார்.

சம்பந்தி இவாசாக்கியைக் கண்டதும் இடுப்புவரை குனிந்தார். அவரும் குனிந்தார். குணசீலன் இன்னும் தாழ்ந்தார். அவரும் விடவில்லை. கடைசியில் குணசீலனுக்கு நாரி பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை.

துவாரகா ஓடிவந்து கதிரையில் இருத்தினாள். “என்னப்பா செய்யிறீங்கள்?”

“அவையின்ர முறைப்படி வணக்கம் சொல்லவேணுமெல்லே, பிள்ளை!”

இவாசாக்கியும் நாரியைப் பிடித்தபடி பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். துவாரகாவிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்: “அப்பாவுக்குத் திருப்திதானே? நாங்கள் மூன்று தலைமுறையாகக் கனடாவில் இருக்கிறோம். எனக்குக் கைகுலுக்கித்தான் பழக்கம். தமிழர்கள் இப்படித்தான் வணங்குவார்கள் என்று நினைத்து, என்னால் முடிந்தவரை குனிந்தேன்.”

அதைக் கேட்ட குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. துவாரகா காரணத்தைச் சொல்ல, இவாசாக்கியும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருவருக்கும் நாரி இன்னும் நொந்தது.