சும்மா இருக்கும் கை

பூட்டைத் தொடுவாளா, மாட்டாளா?

சுகந்தி நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வழி சொல்வது அவள் தொழில். நாகர்கோவிலில் அவளுக்கு நல்ல பெயர். வருகிறவர்களிடம் முதலில் எதையும் கேட்கமாட்டாள். மேசைமேல் நாலைந்து சாமான்கள் கிடக்கும். சாவியோடு இறுகிப்போன பூட்டு, சிக்கு விழுந்த நூல்கண்டு, பழைய ஊர் வரைபடம், பாதியில் நிற்கும் கணக்கு ஒன்று.

கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. பெற்றோரும்தான். பிள்ளையின் கை எதற்குப் போகிறது என்று வேடிக்கை பார்ப்பாள்.

நூல்கண்டைப் பிரித்து முடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவன் இப்போது வக்கீலுக்குப் படிக்கிறான்.

எந்தக் கையும் எதற்காவது போய்விடும்.

இன்று வந்திருந்த ஜெபிஷாவின் கை மட்டும் மடியைவிட்டு நகரவில்லை.

"இவளுக்கு ஒண்ணுலயும் நாட்டம் கிடையாது மேடம்." உள்ளே நுழையும்போதே அவள் அப்பா செல்வின் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாய் ஓயாத மனிதர். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் தயாராக இருந்தது. நாளைக்குள் சரியென்று சொல்லியாக வேண்டும். சுகந்தி தலையாட்டிவிட்டால் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று வந்திருந்தார்.

"எதுன்னாலும் சரி" என்பதோடு பெண் முடித்துக்கொண்டாள்.

பேசாமல் உட்கார்ந்திருப்பது செல்வினுக்கு ஆகாத காரியம். நெளிந்தார். தொண்டையைச் செருமினார். கடைசியில் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்து பூட்டை எடுத்துக்கொண்டார்.

சுகந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிள்ளைக்கு வைத்த பொறியில் பெற்றோர் மாட்டுவது புதிதல்ல.

இடது கையில் பூட்டை அழுத்திப் பிடித்தார். வலது கையால் சாவியை ஆட்டினார், திருகினார்.

திறந்துகொண்டது.

ஜெபிஷா பூட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததிலிருந்தே அதைத்தான் பார்க்கிறாள் என்பது சுகந்திக்கு இப்போதுதான் உறைத்தது.

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினாள்.

"அங்க என்னம்மா பாக்குற?"

"பூட்டப் பிடிச்சிருக்கப்போ நடுங்கல மேடம்." ஜெபிஷா அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சும்மா இருந்தாத்தான் நடுங்கும். கிறிஸ்மஸுக்கு அப்புறந்தான் இப்பிடி. வலது கையால எழுதுற எழுத்துகூட சின்னதாயிட்டே வருது. நடக்கும்போது இடது கை மட்டும் வீசுறதே இல்ல."

ஒன்றிலும் நாட்டம் இல்லாத பெண்.

செல்வின் பூட்டைக் கீழே வைத்தார். இடது கை மறுபடி பேண்ட் பைக்குள் போய்விட்டது. வந்ததிலிருந்தே அது அங்கேதான் இருந்தது என்பதையும் சுகந்தி இப்போதுதான் கவனித்தாள். இத்தனை வருடம் பிள்ளைகளின் கையையே பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்ற ஆவல் தாங்கவில்லை.

"அப்புறம்?"

"ஏன் அப்பிடி ஆகுதுன்னு தெரியணும். அதுக்கு என்ன படிக்கணும் மேடம்?"

செல்வின் மகள் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் எப்ப மக்ளே பாத்த?"

அவள் அவருடைய பேண்ட் பையைப் பார்த்தாள்.

செல்வின் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். மேசைமேல், வரைபடத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் வைத்தார். எதையும் பிடிக்கவில்லை. சும்மா வைத்தார்.

அது நடுங்கத் தொடங்கியது.

ஜெபிஷாவின் கை மடியைவிட்டு எழுந்தது.