தோ நம்பர்

"கை தூக்கறதெல்லாம் ஒரு ஓட்டா? பாத்ரூம் போகணும்னா ஸ்கூல் பிள்ளைங்க தூக்குவாங்க, அது!" என்றேன் நான்.

டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் தீவுப் பேட்டையில், எங்கள் சந்தின் மகளிர் சங்கக் கூட்டம். இருபது வீடு, இருபது ஓட்டு. செயலாளர் பதவிக்கு மூன்று பேர்: வைஜெயந்தியாகிய நான், என் பக்கத்து வீட்டு ஆசியா, சரிவில் கீழ்க்கோடியில் இருக்கும் கல்பனா மண்டல்.

பதவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி எந்தக் கோடியில் ஆரம்பிக்க வேண்டும் என்று செயலாளர்தான் சொல்வார். அதாவது, எல்லாமே அதில்தான் இருக்கிறது. மூன்று வருஷமாகக் கல்பனாதான். லாரி கீழ்க்கோடியில் ஆரம்பித்து மேட்டிலிருக்கும் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரும்போது, அடியில் மிச்சமிருப்பது இரண்டு குடம்.

"போன தடவை கல்பனாவுக்கு எட்டுக் கை, எனக்கு ஏழு, ஆசியாவுக்கு அஞ்சு. பன்னிரண்டு பேர் வேண்டாம்னவங்க ஜெயிச்சாங்க. இது நியாயமா?"

இதையெல்லாம் இந்தியில்தான் முழங்கினேன். என் இந்தியின் லட்சணத்துக்கு அதைத் தமிழில் எழுதுவதுதான் மரியாதை.

"அதனால இனிமே எல்லாருக்கும் நம்பர் போடணும். ரொம்பப் பிடிச்சவங்களுக்கு ஏக் நம்பர். அடுத்தவங்களுக்கு தோ நம்பர். அப்புறம் தீன். ஏக் நம்பர் யாருக்குக் குறைச்சலோ அவங்க வெளியே. அவங்க சீட்டெல்லாம் அதில தோ நம்பர் வாங்கினவங்களுக்குப் போயிடும். ஓட்டு சிதறாது. ஒரே நம்பரை ரெண்டு பேருக்குப் போட்டா சீட்டு செல்லாது!"

'தோ நம்பர்' என்றபோது பின்னால் யாரோ களுக்கென்றார்கள். என் உச்சரிப்புக்குத்தான் என்று நினைத்து முறைத்தேன்.

"தீதி படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என்னை அக்கா முறை சொல்லிவிட்டு, கல்பனா எல்லோருக்கும் சூடாக சிங்காரா கொடுத்தாள். வங்காளிச் சமோசாவில் ஓட்டு வாங்கப் பார்க்கிறாள் என்று மனதுக்குள் வைதுகொண்டே இரண்டு எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நந்தகுமார் காலையிலேயே கேட்டார். "உனக்கு யாரும் முதல் ஓட்டு போடமாட்டாங்கங்கறதை மறைக்க இவ்வளவு பெரிய ஏற்பாடா?"

கான்வென்ட்டில் படித்தவள் இதற்கெல்லாம் அசருவாளா?

ஆசியாவிடம் மட்டும் முந்தின நாளே சுவரோரம் ஒப்பந்தம் பேசியிருந்தேன். "உனக்கு நான் ரெண்டு போடறேன். நீயும் உன் ஆளுங்களும் எனக்கு ரெண்டு போடுங்க. நம்ம ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சாலும் லாரி நம்ம மேட்டிலதான் ஆரம்பிக்கும்."

"ரெண்டேதான் போடணுமாக்கா?" என்று இழுத்தாள்.

"பின்னே? எண்ணத் தெரியாதா உனக்கு?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோருக்கும் ஒரே பென்சில் சுற்றி வந்தது. நான் என் மைப் பேனாவால் எழுதி மடித்துப் போட்டேன். ஆசியாவின் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும் என்பதால் சீட்டைப் படிப்பது அவள் வேலை. காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போடுவது நான்.

கல்பனாவுக்கு எட்டு. எனக்கு ஆறு. எல்லாச் சீட்டிலும் ஒரு பேருக்கு ஒன்று, மற்ற இரண்டு பேருக்கும் வெறுமை. ஒரு சீட்டில்கூட இரண்டைக் காணோம்.

அடுத்து வந்தன ஐந்து சீட்டுகள். ஐந்திலும் ஆசியாவுக்கு ஒன்று, எனக்கும் ஒன்று.

"செல்லாது!" என்று கத்தினேன். என் சட்டம், நானே கத்த வேண்டியிருந்தது. "ஆசியா, ரெண்டு போடச் சொன்னேனா இல்லையா?"

"என்னக்கா நீங்க?" என்றாள் ஆசியா பாவமாக. "தோ நம்பர்னா இங்க என்ன அர்த்தம்? டூப்ளிகேட் சரக்கு, ஏமாத்துப் பேர்வழி. உங்க பேருக்கு நேரா அதை எழுத எங்களுக்குக் கை வருமா? அதான் நானும் நம்மாளுங்களும் உங்களுக்கும் ஒண்ணே போட்டுட்டோம்."

இருபது வருஷமாக இந்தத் தீவில் இருந்தும் இது தெரியவில்லை. பிடித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிக் போடுங்கள் என்று சொல்லியிருந்தாலே பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பேன்.

கடைசிச் சீட்டு ஒன்று மிச்சமிருந்தது. பிரித்ததும் மை எழுத்து தெரிந்தது. ஆசியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு உரக்கப் படித்தாள். "வைஜெயந்தி அக்கா ஏக் நம்பர். ஆசியா... தோ நம்பர்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. "ஆசியா தோ நம்பர்! ஆசியா தோ நம்பர்!" அவளும் கூடவே சிரித்துக்கொண்டு அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எட்டுக்கு ஏழு. லாரி மறுபடியும் கீழ்க்கோடியில்தான்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் தோற்றாலும் ஆசியா ஜெயித்துவிடக் கூடாதே என்று, அந்த இரண்டை நான் போட்டிருந்தது கல்பனாவுக்கு. ஆசியாவுக்குப் போட்டிருந்தது மூன்று.