முதுகு மாஸ்டர்

"ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

ட்ரூப் ஓனர் கத்தினார். கிதார்க்காரன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓனர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன நிகழ்ச்சி வீடியோவில் பாட்டுக்குப் பாட்டு இவன் முதுகுதான் தெரிந்ததாம். 'முதுகு மாஸ்டர்' என்றே குழுவில் பேர் வைத்துவிட்டார்கள்.

பாடகிக்கு வேறு கடுப்பு. சுருதி மாறினால் கிதார் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு சுலபமாக வாசித்துவிட்டுப் போகலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இவன் மட்டும் விரல் நோக நோக அழுத்திப் பிடித்து வாசிப்பான். ஏன் என்று கேட்டால், எனக்கு அது சரிப்படாது என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

மேடையின் பின்பக்கம் கீபோர்டில் உட்கார்ந்திருந்த ஸ்கேல் அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பயம் அவருக்கு. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் வந்து பேசினால் விளங்கும். ஓனர் மாதிரி கத்தினாலும் விளங்கும். ஆனால் மேடையில் எல்லாரும் சேர்ந்து வாசித்தால் வெறும் இரைச்சல்தான், சுருதியாவது மண்ணாவது. விஷயம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று அவளும் நச்சரிக்கிறாள். காது கேட்காதவனை எந்தக் குழுவில் வைத்துக்கொள்வார்கள்? கீபோர்டை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

பாடகியோ எந்த ஸ்கேலில், எந்தச் சுருதியில் எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. தொண்டை அன்றைக்கு எப்படியோ, ஸ்கேலும் அப்படி. கிதார்க்காரன் காதால் பிடித்துக்கொண்டு, கம்பிகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு போடுவான். அண்ணன் ஓரக்கண்ணால் அவன் விரலைப் பார்ப்பார்.

முக்கால்வாசிப் பாட்டில் மேஜர் கார்டு மூன்று வரும். அதில் இரண்டு, பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒட்டி இருக்கும். ஒன்று தள்ளி இருக்கும். அந்தத் தள்ளி இருப்பதுதான் பாட்டின் ஸ்கேல். சி கார்டும் டி கார்டும் ஒட்டி வந்து, கூட ஜி வந்தால், பாட்டு ஜியில் இருக்கிறது. அதற்குக் காது எதற்கு, கண் போதும்.

மூன்று கார்டு போன பிறகுதான் உள்ளே நுழைவார். அதை ஸ்டைல் என்று நினைத்துக் கை தட்டினார்கள். "எங்க அண்ணன் பாட்டைக் கேக்காமலே ஸ்கேல் சொல்லுவாரு" என்று டிரம்மர் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அது எவ்வளவு நிஜம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

கிளிப் மாட்டினால் எல்லாம் போச்சு. விரல் ஒன்று சொல்லும், கம்பி வேறொன்று சொல்லும். ஜனத்தைப் பார்த்து நின்றுவிட்டால் விரலே தெரியாது.

ஓனர் நேராகக் கீபோர்டு பக்கம் வந்தார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. இது திமிரு இல்லாம வேற என்ன?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"கொஞ்சம் திமிருதான்" என்றார்.

கிதார்க்காரன் நிமிர்ந்து ஒரு தரம் அவரைப் பார்த்தான். மறுபடி கம்பியைப் பார்க்கக் குனிந்துகொண்டான்.

ஓனர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். இன்றைக்குக் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஜனத்தைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து வேறு ஆள். பாடகி தன் கையாலேயே கிளிப்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது.

ஹால் நிறைந்தது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். கிதார்க்காரன் சொன்னபடி முன்னால் பார்த்து நின்றான். அண்ணனுக்கு அவன் தோள்தான் தெரிந்தது. ஒரு கார்டு போனது, இன்னொன்றும் போனது. மேடைப் பலகை அதிர்வது காலுக்குத் தெரிந்ததே தவிர, காதுக்கு வெறும் இரைச்சல்தான்.

பாடகி திரும்பிப் பார்த்தார். மேடை ஓரத்திலிருந்து ஓனரும் பார்த்தார். ஒரு கட்டையைத் தப்பாகத் தொட்டால் போதும், இத்தனை வருஷம் மூடி வைத்தது மொத்த ஹாலுக்கும் தெரிந்துவிடும். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

கிதார்க்காரன் கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். ஜனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

நல்லவேளை, திமிர் அவனைச் சும்மா இருக்க விடவில்லை. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விரலைப் பார்த்தார். பி. அடுத்தது சி ஷார்ப். ஒட்டி இருக்கிற இரண்டு. தள்ளி வந்தது எஃப் ஷார்ப். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இறங்கினார். கைதட்டல் ஹாலை அதிர வைத்தது.

விழா முடிந்ததும் ஓனர் கிதார்க்காரனிடம் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார், நாளையிலிருந்து வர வேண்டாம். அண்ணன் அங்கேதான் இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

கிதார்க்காரன் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினான். கீபோர்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அண்ணனின் வலது பக்கமாக வந்தான். காதோரம் குனிந்தான்.

"வர்ற புது ஆள்கிட்ட சொல்லி வெச்சிடுங்கண்ணே. கிளிப் மாட்டக் கூடாது. உங்க பக்கம் திரும்பித்தான் நிக்கணும்."