காக்கா சொன்ன ‘நாங்க’

மைனா டீச்சரிடம் படிக்கிற குஞ்சுகுளுவான்களின் அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து, டீச்சருக்கென்று ஒரு கூடு கட்டினார்களாம். காக்கா சுள்ளி அடுக்கினாள், கொக்கு நார் கொண்டுவந்தாள், அணில் உள்ளே இலவம்பஞ்சு பரப்பினாள்.

கட்டி முடிந்த சாயங்காலம் காக்கா வந்து, “அடியே அணிலு, நாங்க காலையில டீச்சருக்குக் கூட்டைக் குடுக்கப்போறோம், வந்துரு” என்றாள்.

அணிலுக்குச் சுருக்கென்றது. ‘நாம’ன்னு சொன்னா நாக்கு தேஞ்சா போகும்? அதென்ன ‘நாங்க’? பஞ்சு என்னுது, பேரு அவளுதா? அப்புறம் என் பிள்ளையை டீச்சர் திரும்பியாவது பார்ப்பாங்களா?

விடிந்தும் விடியாததுமாகக் கூடு இருந்த மரத்துக்கு ஓடினாள். தன் பங்கைத் தனியாகவே கொடுத்துவிடலாமென்று, பஞ்சையெல்லாம் உருவி வாயில் அடைத்துக்கொண்டாள். இறங்குவதற்குள் டீச்சரோடு எல்லாரும் வந்துவிட்டார்கள்.

டீச்சர் கூட்டில் உட்கார்ந்து பார்த்து நெளிந்தார். “அழகாத்தான் இருக்கு. கொஞ்சம் குத்துதே.”

“அதெப்படி டீச்சர் குத்தும்?” என்றாள் காக்கா. “உள்ள பூரா எங்க அணிலோட பஞ்சாச்சே. அதைத்தான் முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன். நீயே சொல்லேண்டி, அணிலு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அணில் இரண்டு கன்னமும் உப்ப, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள்.