சத்தம் நின்ற மறுநாள்

"நேத்து நீங்க செஞ்ச வேலையில ஏதோ கோளாறு தம்பி. கொஞ்சம் உடனே வர முடியுமா?"

போனில் அந்த அம்மாள் சொன்னதும் பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். போன மாதம்தான் வேறொரு வீட்டில் அவன் மாட்டிய பைப் பிடுங்கிக்கொண்டு, கூடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அலமாரியெல்லாம் ஊறி உப்பிப்போய், அந்த வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதுக்குள் கேட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

"ஒழுகுதாம்மா? முதல்ல மெயின் வால்வை மூடிடுங்க."

"ஒழுகல. நீங்க வாங்க."

அது இன்னும் பயமாக இருந்தது. சுவருக்குள்ளேயே ஒழுகினால் வெளியில் தெரியாது.

வண்டியை ஓட்டிக்கொண்டே நேற்றுச் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். கீழ் வீட்டில் இருக்கும் அந்த அம்மாள், சமையலறைச் சுவரில் ஈரம் கசிகிறது என்றுதான் கூப்பிட்டிருந்தார். மூலையில் இருந்த பலகை மறைப்பைக் கழற்றினால், கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் வளையும் பிளாஸ்டிக் பைப், ஒரு பிடிமானமும் இல்லாமல் கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மேலேயோ கீழேயோ யார் குழாயை மூடினாலும் அது துள்ளிப் போய்ச் செங்கலில் 'டொக்'கென்று மோதும். மோதி மோதியே ஓரிடத்தில் தேய்ந்து கசிந்திருந்தது.

தேய்ந்த துண்டை வெட்டி மாற்றினான். தரையிலிருந்து கூரை வரை, பைப்பைச் சுவரோடு பிடித்துவைக்கும் கிளாம்பை மூன்றடிக்கு ஒன்றாக அடித்தான். பிளாஸ்டிக் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் நெரித்துப் பிடிக்காமல் கொஞ்சம் நகர இடம் விட்டான். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம்கூட வைத்தான். எதையும் விட்டதாக ஞாபகம் இல்லை. பிறகு எதற்குக் கூப்பிடுகிறார்?

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

பிளம்பர் முட்டி போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, இணைப்பு ஒவ்வொன்றையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தான். காகிதம் நனையவில்லை. கிளாம்புகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒரு சொட்டு கிடையாது."

"மேல தண்ணி போகுதா?"

"போகாம எங்கம்மா போகும்?"

"காலையிலேர்ந்து ஒரு சத்தமும் இல்லையே."

அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அதுக்குத்தானே இத்தனை கிளாம்பு? இனிமே யார் குழாயை மூடினாலும் மேலயும் கேக்காது, கீழயும் கேக்காது."

அவர் முகம் தெளியவில்லை. "ஒண்ணு ரெண்டைக் கழட்டிட்டா பழையபடி ஆயிடுமா?"

"கழட்டினா திரும்பவும் உரசி ஓட்டையாகும். அப்புறம் சுவத்தையே இடிக்கணும். எதுக்கும்மா அந்த வம்பு?"

அவர் மாடிப் பக்கம் கை காட்டினார். "அப்ப ஒரு உதவி பண்ணுங்க. மேல போய், தண்ணி ஒழுங்கா வருதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க."

"நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடலாமே. நாலு படி ஏறினா ஆச்சு."

"நாங்க பேசிக்கிறதில்ல. பதினோரு வருஷமாச்சு." குரல் இறங்கியது. "நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பிளம்பருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் தண்ணீர்ச் சண்டை அவன் பார்க்காததா? மேலே தண்ணீர் வரவில்லையென்றால் கீழே இருப்பவர்தான் வேண்டுமென்றே அடைத்துவிட்டார் என்று பழி வரும். அந்தப் பயம்தான் இவரை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். பாதி ஏறும்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பைப் எங்காவது மடங்கியிருந்தால்? உண்மையாகவே தண்ணீர் ஏறாமல் போயிருந்தால்?

கதவைத் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். உள்ளே ஏதோ நகர்ந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து யாரோ நடந்து வரும் ஓசை. தாழ்ப்பாள் விலக வெகுநேரம் ஆனது.

கதவைத் திறந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். தோளில் போர்வை. டிரிப்ஸ் ஏற்றிய புறங்கையில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

"பைப் பாக்க வந்தேம்மா. உங்களுக்குத் தண்ணி..." என்று அவன் ஆரம்பித்தான்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து சுவத்துல சத்தமே கேக்கல தம்பி. கீழ என் தங்கச்சி நல்லாத்தானே இருக்கா?"